நாயின் இனமும் அது பிறந்த நாடும்

நாய் இல்லாத கிராமம் இல்லை. ஆயினும் நாயின் விவரம் அறிந்து அதை வாங்குவோர் மிகச் சிலரே. மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் அதன் சுழியையும் பல்லையும் நடையையும் பார்க்கிறார். அது காங்கேயமா, உம்பளச்சேரியா, புலிக்குளமா என்று விசாரிக்கிறார். தம் மண்ணுக்கும் தம் வேலைக்கும் அது ஏற்குமா என்று இரண்டு பேரிடம் கலந்து யோசித்த பிறகே அச்சாரம் கொடுக்கிறார். அதே குடியானவர் நாய்க்குட்டி வாங்கும்போது இவ்விசாரணைகளில் ஒன்றையும் செய்வதில்லை. "சீமை ஜாதி" என்று தரகர் சொல்லும் ஒரு சொல்லே போதுமானதாகிவிடுகிறது. நல்ல வெள்ளாடு ஒன்றின் கிரயத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய குட்டி, வளர்ந்தபின் பட்டியைக் காவாமல் தானே ஆடுகளைத் துரத்திக் காலைக் கவ்வுமாயின், அப்பொழுது வருந்திப் பயன் இல்லை. அந்த ஆடுகள் சங்கத்துக் கடனில் வாங்கியவையானால் நஷ்டம் ஜாமீன் நின்றவரையும் சேர்த்தே தாக்கும்.

ஆகவே நாய்களின் இனங்களைப்பற்றியும் அவை தோன்றிய நாடுகளைப்பற்றியும் அறிந்துகொள்வது, ஆடு வளர்க்கும் அங்கத்தினர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு நாய் எந்த நாட்டில் பிறந்தது என்ற கேள்விக்குள்ளே, அந்நாட்டார் அதை எந்த வேலைக்காக உண்டாக்கினார்கள் என்ற கேள்வி அடங்கியிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு விடை அறியாதவருக்கு முதற் கேள்வியின் விடையால் யாதொரு லாபமும் இல்லை.

பெயரைக் கண்டு மயங்கலாகாது

நாய்களின் பெயர்களில் தேசங்களின் பெயர்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றை நம்பிவிடுதல் கூடாது. 'கிரேட் டேன்' என்னும் மிகப் பெரிய நாயின் பெயர் டென்மார்க் தேசத்தைக் குறிப்பதாகும். உண்மையில் அது ஜெர்மானியர் காட்டுப்பன்றி வேட்டைக்கும் மாளிகைக் காவலுக்கும் வளர்த்து உருவாக்கிய நாய். டென்மார்க்குக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம் பெயரளவே. 'ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட்' என்பது அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்து ஆட்டுப் பண்ணைகளில் உருவானது. அதன் பெயர் வந்த வழியைப்பற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. இனமாக அமைந்த இடம் அமெரிக்காவே என்பதில் ஐயம் இல்லை. 

தமிழ்நாட்டு நகரங்களில் 'அல்சேஷன்' என்று பெயர் பெற்ற நாயின் கதை இன்னும் விநோதமானது. அது ஜெர்மன் ஆட்டுநாய். 1914 முதல் 1918 வரை நடந்த உலக யுத்தத்தின் பின் ஜெர்மனி என்ற சொல்லே இங்கிலாந்தில் கசந்துபோயிற்று. நாயை விட மனமில்லாத ஆங்கிலேயர் பெயரை மட்டும் விட்டு, பிரான்சின் எல்லையில் உள்ள அல்சேஸ் பிரதேசத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அறுபது ஆண்டு போல் கடந்து, 1977-ஆம் ஆண்டில்தான் லண்டன் கென்னல் கிளப் பழைய பெயரை அனுமதித்தது. நாய் அவ்வளவு காலமும் ஒரே நாயாகத்தான் இருந்தது.

எல்லா நாய்களும் ஓநாயின் வழிவந்தவை. மனிதன் மாட்டையும் ஆட்டையும் பழக்குவதற்கு வெகு காலம் முன்பே நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. ஜெர்மனியில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914-இல் கண்டெடுத்த ஒரு புதைகுழியில், இரண்டு மனிதரோடு ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன. அதன் வயது சுமார் 14,000 ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்நாளில் பயிர்த்தொழிலும் இல்லை, பட்டியும் இல்லை. பின்னர் மனிதன் ஒவ்வொரு தொழிலாகக் கற்றுக்கொண்டபோது ஒவ்வொரு தொழிலுக்கும் நாயைத் திருத்திக்கொண்டான். இக்காலத்தில் 1911-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் கூடி நிறுவிய அகில உலக நாய்ச் சம்மேளனம் சுமார் 350 இனங்களை ஒப்புக்கொண்டிருக்கிறது. அவற்றையெல்லாம் இங்கே வரிசையாகச் சொல்வது வீண். ஆடு வைத்திருப்போருக்கு முக்கியமானவற்றை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்பது நலம்.

ஆட்டு நாய் இரண்டு வகை

'ஆட்டு நாய்' என்ற ஒரே சொல்லால் இரண்டு விதமான நாய்களைக் குறிப்பதனால் பெருந்தவறுகள் நேருகின்றன. ஒன்று ஆட்டை ஓட்டும் நாய். மற்றொன்று ஆட்டைக் காக்கும் நாய். இவ்விரண்டின் குணமும் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை.

ஓட்டும் நாய்களில் தலைசிறந்தது 'பார்டர் கோலி'. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே உள்ள எல்லைப் பிரதேசத்துக் குன்றுகள் அதன் தாயகம். அங்கே ஆடுகள் வேலியில்லாத மலைச்சரிவுகளில் மைல்கணக்காகச் சிதறி மேயும். ஓநாய் அத்தீவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அழிந்துபோயிற்று. ஆகவே அங்கே இடையனுக்குக் காவல் அவ்வளவு கவலை அன்று. சிதறிய மந்தையைச் சேர்ப்பதே கவலை. பார்டர் கோலி குரைப்பதில்லை, கடிப்பதில்லை. உடலைத் தாழ்த்தி, கண்ணை இமைக்காமல் ஆட்டின்மேல் நாட்டி, அடிமேல் அடிவைத்து நெருங்குகிறது; ஆடு அஞ்சி விலகி, நாய் விரும்பிய திசையிலே நடக்கிறது. 1893-இல் நார்தம்பர்லாந்து ஜில்லாவில் ஆதம் டெல்ஃபர் என்ற குடியானவரிடம் பிறந்த 'ஹெம்ப்' என்ற நாய் இவ்வித்தையில் நிகரற்றதாய் விளங்கியது. இன்றுள்ள பார்டர் கோலிகளின் வம்சாவளியை ஏறிப் பார்த்தால் அந்த ஒரு நாயில் போய்ச் சேரும்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால் ஓர் உண்மை விளங்கும். ஓநாய் இரை பிடிக்கையில் முதலில் தேடுகிறது; பிறகு கண்ணை நாட்டுகிறது; பதுங்குகிறது; துரத்துகிறது; கவ்வுகிறது; கொல்லுகிறது. பார்டர் கோலியிடம் தேடல், நோக்கு, பதுங்கல், துரத்தல் ஆகியவை மிகுந்தும், கவ்வலும் கொல்லலும் அடங்கியும் இருக்கும்படி இடையர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். அதாவது, அந்த நாய் வேட்டையைப் பாதியில் நிறுத்தும் ஓநாய். எஜமானன் அருகில் நின்று சீழ்க்கையடித்து நடத்தும்வரையில் அது பொக்கிஷம். வேலையின்றி, மேற்பார்வையின்றி இரவில் பட்டிக்குள் விட்டாலோ, ஆடுகள் நிம்மதியாக அசைபோட முடியாது.

காக்கும் நாய்கள் தோன்றிய நாடுகள் வேறு. ஓநாயும் கரடியும் குறையாத மலைநாடுகளே அவற்றின் பிறப்பிடம். துருக்கியின் சீவாஸ் மாகாணத்துக் 'காங்கால்', இத்தாலியின் அப்ருஸ்ஸி மலைகளில் உள்ள 'மாரெம்மானோ', ஹங்கேரியின் 'கொமொந்தோர்', பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே உள்ள பிரனீஸ் மலையின் பெரிய வெள்ளைநாய் ஆகிய யாவும் ஒரே தொழிலைச் செய்வன. இவற்றிடம் மேற்சொன்ன வேட்டைக்குணங்கள் எழுவது மிக அரிது. ஆட்டைக் கண்டால் துரத்துவதில்லை. அதனோடு படுத்து உறங்குகின்றன. பகையைக் கண்டால் துரத்திக்கொண்டு வெகுதூரம் ஓடுவதும் இல்லை. மந்தைக்கும் பகைக்கும் நடுவே நின்று, கனத்த குரலில் குரைத்து, மேலே வந்தால் மட்டும் போரிடுகின்றன. ஓநாய் கழுத்தைக் கவ்வாதிருக்கத் துருக்கி இடையர்கள் இரும்பு முள் பதித்த பட்டையைக் காங்காலின் கழுத்தில் பூட்டுகிறார்கள்.

ஹங்கேரியின் சமவெளிகளில் இவ்விரண்டு தொழிலையும் பங்கிட்டுக்கொடுத்திருந்தார்கள். 'பூலி' என்னும் சிறிய கறுத்த நாய் மந்தையை ஓட்டும். கொமொந்தோர் காவல் காக்கும். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் எவரும் எதிர்பார்த்ததில்லை.

இவ்விஷயம் புதிதும் அன்று. கி.மு. 37-ஆம் ஆண்டளவில் ரோமாபுரியில் வார்ரோ என்ற அறிஞர் எழுதிய விவசாய நூலில், மந்தைக்கு நாய் வாங்குவோர் வேட்டைக்காரரிடமும் கசாப்புக்காரரிடமும் வாங்கலாகாது என்ற எச்சரிக்கை காணப்படுகிறது. கசாப்புக்காரரின் நாய் சோம்பி மந்தையைப் பின்தொடராது. வேட்டைக்காரரின் நாய் முயலைக் கண்டால் ஆட்டை விட்டுவிட்டு ஓடிவிடும். அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒருவர் தூரதேசத்தில் மந்தையை நாய்களோடு சேர்த்துக் கிரயத்துக்கு வாங்கினார். இடையர்கள் ஆடுகளைக் கொண்டுவந்து ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். சில நாட்களில் நாய்கள் அவர்களை நினைத்து ஏங்கி, பல நாள் வழியைத் தாமே நடந்து, வழியில் கிடைத்ததைத் தின்று, பழைய இடையர்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டன. நாய்க்குப் பணம் கொடுத்த மாத்திரத்தில் அது வாங்கினவருடையதாகிவிடாது என்பதை அந்த ரோமானியர் செலவு செய்து அறிந்துகொண்டார்.

காவல்நாய் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அரையிருளில் ஓநாயென்று எண்ணி இடையன் தன் நாயையே அடித்துவிடாதிருக்க வெள்ளைநாய் நன்று என்று, கி.பி. முதல் நூற்றாண்டில் கொலுமெல்லா என்ற மற்றொரு ரோமானியர் எழுதினார். வீட்டுக் காவலுக்கு மட்டும் கறுப்பு நாயை அவர் விரும்பினார்; திருடன் பகலில் அதைக் கண்டு அஞ்சுவான், இரவில் அதைக் காணமாட்டான்.

நாய் போனபின் ஓநாய் வந்தது

காவல்நாயின் மதிப்பு அது இல்லாமற்போன இடத்தில்தான் நன்கு விளங்குகிறது. பிரான்சு தேசத்தில் ஓநாய்களைச் சுட்டும் விஷம் வைத்தும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடியோடு ஒழித்தார்கள். ஓநாய் ஒழிந்தபின் ஆல்ப்ஸ் மலை இடையர்களுக்குக் காவல்நாய் வீண் செலவாய்த் தோன்றிற்று. நூறு ராத்தலுக்கு மேல் எடையுள்ள நாய்க்குத் தீனி போடுவது சிறிய காரியமா? நாய்கள் குறைந்தன, அவற்றைப் பழக்கும் வழக்கமும் மறைந்தது. இராக்காலத்தில் மந்தையைத் தனியே மலையில் விட்டுவைக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1992-ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து மலை கடந்து வந்த ஓநாய்கள் மெர்கான்தூர் காடுகளில் மறுபடி காணப்பட்டன. அதன்பின் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆடுகள் மடிந்தன. அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுப்பதோடு, காவல்நாய் வாங்கவும் வளர்க்கவும் இடையர்களுக்குப் பணவுதவி செய்யவேண்டிவந்தது.

இத்தாலியின் அப்ருஸ்ஸி மலைகளிலோ ஓநாய் ஒருநாளும் முற்றிலும் ஒழியவில்லை. அங்கே மாரெம்மானோ நாயும், அதை வளர்க்கும் முறையும், தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டேயிருந்தன. ஒரு தலைமுறை விட்டுப்போன வித்தையை மறுபடி விலைகொடுத்து வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை இவ்விரண்டு தேசங்களையும் ஒப்பிட்டால் அறியலாம். புதிதாகக் கொண்டுவந்த காவல்நாய்கள் மலைப்பாதையில் உலாவ வருவோரை மிரட்டுவதாகவும் கடிப்பதாகவும் பிரான்சில் வழக்குகள் எழுந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அவ்வகை நாய் ஊருக்குள்ளே வளர்க்கத் தக்கதன்று.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியாவில் நடந்த காரியம் இதற்கு மறுபக்கமாகும். அங்கே சீட்டா என்னும் மிருகம் ஆடுகளையும் கன்றுகளையும் பிடித்துத் தின்றதனால், 1980-களில் குடியானவர்கள் அவற்றை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் கொன்றுவந்தார்கள். லாரி மார்க்கர் என்ற அமெரிக்க மாது 1990-இல் அங்கே சீட்டாப் பாதுகாப்பு நிதியை நிறுவினார். 1994 முதல் துருக்கியின் காவல்நாய்களை வருவித்து, குட்டிகளைக் குடியானவர்களுக்குக் கொடுத்துவரும் ஏற்பாடு நடைபெறுகிறது. துருக்கியின் பீடபூமி கோடையில் கொளுத்தும், குளிர்காலத்தில் உறையும். ஆகவே அந்நாயின் மயிர் குட்டையானது, நமீபியாவின் வெயிலைத் தாங்கியது. சீட்டா போரை விரும்பாத மிருகம். பெரிய நாய் குரைத்து நின்றால் விலகிப்போய்விடும். நாயைப் பெற்ற குடியானவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் நஷ்டம் வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆடும் பிழைத்தது, சீட்டாவும் பிழைத்தது. இங்கே கவனிக்கவேண்டியது, வேலையையும் வெயிலையும் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே.

காவல்நாய்க்குட்டியை வளர்க்கும் முறையில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிஞ்சர், லோர்னா காப்பிஞ்சர் என்ற தம்பதிகள் 1970-களின் பிற்பகுதி முதல் பலநூறு நாய்களை வைத்து இதைப் பரிசோதித்தார்கள். பிறந்த பதினாறு வாரத்துக்குள் குட்டி எதனோடு பழகுகிறதோ அதையே தன் கூட்டமாகக் கொள்ளும். ஆகையால் பால் மறந்தவுடன், அதாவது சுமார் எட்டாவது வாரத்தில், குட்டியைப் பட்டியின் ஓரத்தில் தடுப்புக் கட்டி, சாதுவான சில ஆடுகளோடு விடவேண்டும். தீனியையும் அங்கேயே வைக்கவேண்டும். வீட்டுக்குள் அழைத்து மடியில் வைத்துக் கொஞ்சிய குட்டி வீட்டைக் காக்குமேயன்றி, இரவில் பட்டியில் தங்காது. அதற்காக மனிதர் கையே படாமல் வளர்த்தாலும் பிசகு. மருந்து கொடுக்கவும் கட்டவும் பிடிகொடுக்காத நாயை வைத்துக்கொண்டு யாது செய்வது? குட்டி விளையாட்டாக ஆட்டின் காதைக் கடித்தாலோ துரத்தினாலோ அப்பொழுதே அதட்டி நிறுத்தவேண்டும். ஒன்றரை வயது ஆகும்வரையில் அதை முழுக் காவலாளியாக நம்புவது கூடாது. மூன்று மாதம் ஆனவுடன் வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டு, பின்பு கால்நடை வைத்தியர் சொல்லும் கெடுவில் தவறாமல் மறுபடி போடவேண்டும். இது எந்த நாட்டு நாய்க்கும் பொது.

வேறு தொழில்கள், வேறு நாடுகள்

ஆட்டு நாய்களை விட்டுப் பார்த்தால், குளிர்நாடுகள் தந்த நாய்கள் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, சுமார் 8,100 அடி உயரத்தில் உள்ள செயிண்ட் பெர்னார்ட் கணவாயில் துறவிகளின் சத்திரம் ஒன்று உண்டு. பனியில் வழிதவறியவர்களைத் தேட அத்துறவிகள் வளர்த்த நாயே அக்கணவாயின் பெயரைப் பெற்றது. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த 'பாரி' என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் உயிர் காத்ததாகச் சொல்வர்; அதன் உடலைப் பெர்ன் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் இன்றும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அந்நாயின் கழுத்தில் சாராயப் பீப்பாய் தொங்குவதாகப் படங்களில் காண்பது மட்டும் கட்டுக்கதை.

மற்றொன்று, வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த 'ஹஸ்கி'. 1925-ஆம் ஆண்டு ஜனவரியில் அலாஸ்காவின் நோம் என்ற ஊரில் தொண்டையடைப்பான் நோய் பரவிற்று. கப்பலும் ஆகாய விமானமும் செல்ல இயலாத குளிரில், இருபது வண்டிக்காரர்கள் அஞ்சல் முறையில் நாய்களைப் பூட்டி, 674 மைல் தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். கடைசி வண்டியின் முன்னணி நாயாகிய 'பால்ட்டோ'வுக்கு அதே ஆண்டில் நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். அதைவிட நீண்ட, அபாயமான வழியில் ஓடிய 'டோகோ'வுக்குப் புகழ் வெகுகாலம் கழித்தே கிடைத்தது. இத்தகைய நாயை, அதன் இரட்டை மயிர்ப் போர்வையோடு, சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுத் திண்ணையில் கட்டிவைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்நாய் இரைக்கும் இரைப்பைப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் வரி வசூல் செய்துவந்த லூயி டாபர்மன் என்பவர், வழித்துணைக்காக நாய்களைக் கலந்து ஓர் இனத்தையே உண்டாக்கினார். அவர் 1894-இல் இறந்தார். நாய் அவர் பெயரால் வழங்குகிறது. வசூலுக்குப் போகிறவருடைய சங்கடங்களைச் சங்கக் காரியதரிசிகளுக்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை.

தொழில் ஒழிந்தபின்

ஒரு தொழிலுக்காகப் பிறந்த இனத்துக்கு, அத்தொழில் ஒழிந்தபின் என்ன கதி நேரும்? இங்கிலாந்தின் பழைய சமையலறைகளில், அடுப்பின்மேல் இறைச்சிக் கம்பியைச் சுழற்றுவதற்காக ஒரு சக்கரத்துக்குள் ஓடும் குட்டைக்கால் நாய் இருந்தது. இயந்திரம் வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டோடு அந்நாய் பூண்டோடு அற்றுப்போயிற்று.

'புல்டாக்' அற்றுப்போகவில்லை, அதன் கதி வேறு. கட்டிய காளையின்மேல் நாயை ஏவும் கொடிய விளையாட்டை 1835-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதன்பின் அந்நாயைக் காட்சிக்காக வளர்த்தார்கள். முகம் தட்டையாக இருப்பது அழகு என்று பரிசு கொடுக்கக் கொடுக்க, மூக்கு உள்ளே போயிற்று, தலை பெருத்தது. இன்று அவ்வினத்தில் பல நாய்கள் மூச்சுவிடத் திணறுகின்றன. பெரும்பாலான குட்டிகளை வயிற்றைக் கீறி எடுக்கவேண்டியிருக்கிறது. வேலைக்காக வளர்த்தபோது, செய்த வேலை கொடியதேயானாலும், உடல் உறுதியாக இருந்தது.

'லாப்ரடார்' நாயின் மூலம் கனடாவைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்து தீவாகும். அங்கே அதன் மூதாதை மீனவரின் கூலியாளாய் இருந்தது, வலைக்கயிற்றை இழுத்துவந்தது, தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் குளிர்ந்த கடலில் பாய்ந்து பிடித்தது. மீன்கப்பல்களில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்த சில நாய்களை மால்ம்ஸ்பரி பிரபுவும் பக்ளூ பிரபுவும் வாங்கி, சுட்ட பறவையை எடுத்துவரப் பழக்கி, வம்சம் பிசகாமல் காத்தார்கள். தாய்த்தீவிலோ ஆடு வளர்ப்பைப் பெருக்குவதற்காக நாய்களைக் குறைக்க வேண்டுமென்று 1885-இல் சட்டம் செய்தார்கள். கடைசியில் 1980-களில் அந்த மூல இனம் தன் சொந்தத் தீவில் அற்றுப்போயிற்று. அதன் சந்ததியாகிய லாப்ரடாரோ உலகெங்கும் குருடர்க்கு வழிகாட்டியும், போலீசாருக்கு மோப்பம் பிடித்தும் பிழைக்கிறது. பிறந்த நாடே கைவிட்டதைப் பிறநாட்டார் பதிவேடு வைத்துக் காத்தார்கள்.

பதிவேட்டின் வலிமை

பதிவேடு என்ற சொல் சங்க அங்கத்தினர்களுக்குப் பழகியதே. ஜெர்மன் ஆட்டுநாயை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தவர் மாக்ஸ் பான் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. அவர் 1899-இல் கார்ல்ஸ்ரூ நகரத்துக் காட்சியில் இடையர்களின் நாயொன்றைக் கண்டு அங்கேயே விலைபேசி வாங்கினார். அதே ஆண்டில் ஒரு சங்கத்தை நிறுவி, அந்நாயையே முதல் இலக்கமாகப் பதிந்தார். அழகைவிட உபயோகமே பெரிது என்பது அவர் கொள்கை. அங்கே ஆட்டுமந்தைகள் குறையத் தொடங்கியபோது, வேலையிழந்த நாய் காட்சிப்பொருளாகிக் கெடும் என்று கண்டு, அதைப் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் பழக்கும்படி அதிகாரிகளை விடாமல் தூண்டினார். 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் முதற் பள்ளி திறந்தபோது, அதற்கும் இந்நாயே உதவிற்று. தொழில் ஒழிந்த இனத்துக்குப் புதிய தொழில் தேடிக் கொடுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. அவர் காலத்துக்குப் பின் காட்சிக்காக அதன் பின்புறத்தைச் சரித்து வளர்க்கும் மோகம் ஏற்பட்டதும், அவ்வினத்தில் இடுப்பு மூட்டு நோய் மிகுந்திருப்பதும் வருந்தத்தக்கன.

பார்டர் கோலியை வளர்த்த ஆங்கில, ஸ்காட்டிஷ் குடியானவர்கள் 1906-இல் ஹாடிங்டன் என்ற ஊரில் கூடி, அகில உலக ஆட்டுநாய்ச் சங்கத்தை அமைத்தார்கள். அதற்கு 33 ஆண்டு முன்னரே, 1873-இல், வேல்ஸ் நாட்டில் பாலா என்னும் ஊரில் ஆட்டுநாய்களின் வேலைப் பந்தயம் நடந்திருந்தது. அச்சங்கம் நாயின் நிறத்தையோ காதின் மடிப்பையோ கேட்பதில்லை. ஆட்டை எப்படி நடத்துகிறது என்றே கேட்கும். பெருஞ்செல்வர் தனித்து வைத்திருந்த நாயினங்கள் அவரோடு மறைந்ததுண்டு. சிறிய குடியானவர்கள் சேர்ந்து நடத்திய இப்பதிவேடு நூறாண்டுக்கு மேல் நடந்துவருகிறது.

தென்னாட்டு நாய்கள்

தமிழ்நாட்டிலும் ஊர்ப்பெயர் பெற்ற நாய்கள் உண்டு. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய ராஜபாளையம், வேகத்துக்குப் பெயர்பெற்ற ஒல்லியான சிப்பிப்பாறை, அதற்கு நெருங்கிய உறவான கன்னி, மேற்குமலை அடிவாரத்துக் கோம்பை ஆகியவை அவை. ராஜபாளையம் நாயின் உருவத்தை இந்தியத் தபால் இலாகா 2005-இல் தபால்தலையில் அச்சிட்டது. சைதாப்பேட்டையில் அரசாங்கம் நாட்டு நாய்களைப் பெருக்க ஒரு நிலையம் அமைத்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தன் பதிவில் சேர்த்திருக்கிறது.

ஆயினும் இவற்றுக்கும் புல்டாக்கின் கேள்வி வந்திருக்கிறது. முயல் வேட்டையும் பன்றி வேட்டையும் இவற்றின் பழந்தொழில். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது, அது தக்கதே. இனி இந்நாயைக்கொண்டு வேட்டையாடுவோர் குற்றவாளியாவார். தோட்டக் காவலும் வீட்டுக் காவலுமே எஞ்சிய வேலைகள். அவற்றுக்கு இவை தகுந்தவையே. வெயிலுக்கு அஞ்சாதவை, குறைந்த தீனியில் நிற்பவை. ஆனால் சிப்பிப்பாறையையும் கன்னியையும் ஆட்டுப்பட்டிக்குள் விட நினைப்பவர், ஓடுவதைத் துரத்துவதே அவற்றின் பிறவிக்குணம் என்பதை எண்ணவேண்டும். பட்டிக்கு நாய் வேண்டுவோர், கிடைபோடும் கீதாரிகளிடம் ஆடுகளோடேயே பிறந்து வளர்ந்த நாயின் குட்டியை, தாய் வேலை செய்வதை இரண்டொரு இரவு கண்ணால் பார்த்தபின் வாங்குவது மேல். அதற்கு ஜாதிப் பெயர் இல்லாதிருக்கலாம். ராஜபாளையம் குட்டி வாங்குவோரும் ஒரு சிறு சோதனையை மறக்கலாகாது: முழு வெண்ணிற நாய்களில் செவிடு பிறப்பதுண்டு, ஆகவே குட்டியின் பின்புறமாக நின்று கைதட்டிப் பார்க்கவேண்டும். திரும்பாத குட்டி எவ்வளவு அழகாயினும் காவலுக்கு ஆகாது.

ஆடு வளர்ப்போர் மிகுந்த ஊர்களில் சங்கத்தார் விரும்பினால், ஒரு நோட்டுப் புத்தகத்தில் நல்ல காவல்நாய்களின் விவரத்தை எழுதிவைக்கலாம். தாய், தந்தை, பிறந்த நாள், யார் பட்டியில் வளர்ந்தது, எத்தனை ஆட்டைக் காக்கிறது, ஆட்டை எப்பொழுதாவது கடித்ததுண்டா, ஊசி போட்ட தேதி ஆகியவை போதும். பெற்றோர் இன்னவென்று தெரியாத நாயைப் பதியலாமா என்ற கேள்வி எழும். மேற்சொன்ன அகில உலக ஆட்டுநாய்ச் சங்கத்தில் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வம்சாவளிச் சீட்டு இல்லாத நாயையும், நடுவர்கள் முன்னிலையில் ஆடுகளோடு வேலை செய்யவிட்டுப் பார்க்கிறார்கள். வேலை திருப்தியாக இருந்தால், தகுதியால் பதிவு பெற்றது என்று குறித்து, அதன் பெயரையும் ஏட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள்.